திறக்காத ஒரு போன்

மலையடிவாரத்தில் திலகவதி அம்மை ஒரு மடம் நடத்திவந்தார். மடத்தோடு பெண்பிள்ளைகளுக்கு ஒரு பள்ளியும் விடுதியும் இருந்தன. அம்மையின் சீடர்களில் மூத்தவள் மரகதம். அவள்தான் விடுதிக்கு வார்டன். பிள்ளைகள் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனாலும் அவள் செருப்புச் சத்தம் கேட்டதும் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பதினோராம் வகுப்புப் பெண் ஒருத்தி மூச்சிரைக்க வந்தாள்.

"அக்கா, நம்ம விடுதியில ஒருத்திய யாரோ போன்ல மிரட்டுறாங்க. அவ படத்த வச்சு. யாருன்னு மட்டும் கேக்காதீங்க."

சொன்னவள் நிற்காமல் ஓடிவிட்டாள்.

வீட்டுக்குப் பேசுவதற்காக ஞாயிறுதோறும் பிள்ளைகளிடம் அவரவர் போனைக் கொடுப்பது வழக்கம். அன்றும் மரகதம் கொடுத்திருந்தாள். எல்லாரையும் கூடத்தில் வரிசையாக நிறுத்தினாள்.

"போனைத் திறந்து கையில குடுங்க. தப்பு செய்யாதவளுக்கு என்ன பயம்?"

ஒவ்வொருத்தியாகக் கொடுத்தார்கள். மரகதம் படங்களையும் செய்திகளையும் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருத்தி அழவே தொடங்கினாள். ஒன்பதாம் வகுப்பு செண்பகவல்லி மட்டும் போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"குடு."

"மாட்டேன், அக்கா."

"அப்போ நீதானா அது?"

செண்பகா மாடியிலிருந்த தன் அறைக்குப் போய்ச் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். மரகதம் அதட்டிப் பார்த்தாள். கெஞ்சிப் பார்த்தாள். பிள்ளை போனை விடவில்லை. துணைக்கு இரண்டு பெண்களை உட்காரவைத்துவிட்டு மரகதம் சமையற்கட்டுக்கு ஓடினாள். அங்கே அம்மை முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

நடந்ததைக் கொட்டித் தீர்த்துவிட்டு, "பிடுங்கிரட்டா, அம்மை?" என்றாள்.

"உன் போனைக் குடு."

மரகதம் ஒன்றும் புரியாமல் நீட்டினாள்.

"திறந்து குடு."

திறந்து கொடுத்தாள். அம்மை சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். எழுந்து நடந்தார்.

"எங்க போறீங்க?"

"கூடத்துக்கு. பிள்ளைங்க அங்கதான இருக்காங்க? இதுல இருக்கிறதை எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டுறேன்."

மரகதம் சிரிக்கப் பார்த்தாள். அம்மை திரும்பாமல் போய்க்கொண்டே இருந்தார். அந்தப் போனில் மரகதம் டாக்டருக்கு அனுப்பிய ஒரு படம் இருந்தது. அவள் தங்கை தன் புருஷனைப் பற்றி அழுது எழுதியது இருந்தது. போன வாரம் மனத்தாங்கலில் அம்மையைப் பற்றியே தோழிக்கு எழுதிய இரண்டு வரியும் இருந்தது. கூடத்து வாசலில் ஓடிப்போய் அம்மையின் கையைப் பிடித்துவிட்டாள். இத்தனை வருஷத்தில் அப்படிப் பிடித்ததே இல்லை.

"வேண்டாம், அம்மை."

"தப்பா ஏதும் இருக்கா?"

"தப்பு ஒண்ணும் இல்ல."

"பிறகென்ன?"

மரகதம் பிடித்த கையை விடவில்லை. அம்மை திரையைப் பார்க்காமலே போனை அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார்.

"அப்போ பிள்ளையை எப்படிக் காப்பாத்துறது?" மரகதத்தின் குரல் உயர்ந்தது. "மிரட்டுறவன் வெளியில இருக்கான். நாம இங்க நின்னு பேசிக்கிட்டிருக்கோம்!"

"நிக்காதே. போ."

"போய் என்ன கேக்க?"

"கேக்கத்தான் செய்யணுமா?"

மரகதம் மறுபடியும் மாடியேறினாள். துணைக்கு இருந்த பெண்களை அனுப்பிவிட்டு, செண்பகாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். போனை வாங்கக் கை பரபரத்தது. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

"போன் உங்கிட்டயே இருக்கட்டும்" என்றாள் கடைசியில். "எல்லாரோடதையும் நான் பார்த்தது தப்பு. கீழ போய் அவங்ககிட்டயும் சொல்லணும்."

செண்பகா முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள்.

"பள்ளிக்கூடத்தை விட்டு அனுப்பிருவீங்களா?"

"மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அப்போது போன் அதிர்ந்தது. பிள்ளைக்குத் தூக்கிவாரிப்போட்டது. சற்று நேரம் போனையே வெறித்தவள், அதைத் திறந்து மரகதத்தின் மடியில் வைத்தாள்.

மிரட்டுகிறவன் தன்னைச் செண்பகாவின் வயதுப் பெண் என்றும் படம் வரைபவள் என்றும் சொல்லித்தான் பழகியிருக்கிறான். செண்பகா மடத்துக் கதையெல்லாம் அவனிடம் சொல்லியிருக்கிறாள். வார்டன் அக்கா எவ்வளவு கோபக்காரி என்பதையும். திருவிழாவில் எடுத்த ஒரு படத்தை அனுப்பியிருக்கிறாள். அது வேறு படமாகத் திரும்பி வந்திருந்தது. முகம் அவளுடையது. மற்றது அவளுடையது அல்ல. அதன் கீழே, சற்றுமுன் வந்த செய்தி:

'நான் கேட்ட மாதிரி படம் எடுத்து அனுப்பு. இல்லேன்னா இதை உன் மரகதம் அக்காவுக்கு அனுப்பிருவேன்.'

மரகதம் அதை இரண்டாம் முறை வாசிக்கவில்லை. செண்பகாவை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் பிள்ளை வாய்விட்டு அழுதது.

மரகதம் எதையும் அழிக்கவில்லை. அவனுக்குப் பதிலும் அனுப்பவிடவில்லை. குழந்தைகளுக்கான உதவி எண்ணில் பேசினாள். செண்பகாவின் அம்மாவை வரவழைத்து, மூவருமாகப் போய் சைபர் கிரைம் போலீசில் புகார் கொடுத்தார்கள். திரும்பும் வழியில் பஸ்ஸில் பிள்ளை அவள் தோளிலேயே தூங்கிப்போனது.

சாயங்காலம் மரகதம் பிள்ளைகளைக் கூடத்துக்கு அழைத்து, காலையில் செய்ததற்கு மன்னிப்புக் கேட்டாள். அப்புறமும் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அம்மையின் முன்னால் முற்றத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள்.

"இன்னும் எத்தனை பிள்ளைங்க இப்படி மனசுக்குள்ள வச்சிருக்காங்களோ, அம்மை."

முற்றத்தின் கோடிவரை போய்த் திரும்பி வந்தாள்.

"அவனுக்கு முகம் கிடையாது. பேரும் பொய். எந்த ஊர்க்காரனோ, அதுவும் தெரியாது. அவனுக்குப் போய் இந்தப் பிள்ளை ஏன் இவ்வளவு பயந்தா?"

"அவனுக்கா பயந்தா?" என்றார் அம்மை.

நடந்துகொண்டிருந்த மரகதம் நின்றாள்.