அடுப்புக்கு அழுத ஊர்

ஆறுதல் சொல்வதென்றால் மருதமங்கலத்து ராஜா குணவர்மருக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. எங்கே வெள்ளம், எங்கே புயல் என்று விசாரித்துக்கொண்டே இருப்பார். பரிவாரத்தோடு போவார், கண்ணைத் துடைத்துக்கொள்வார், விருந்து சாப்பிடுவார், திரும்பிவிடுவார். "கடவுளே, கஷ்டம் வந்தாலும் வரட்டும், அது ராஜா காதில் மட்டும் விழ வேண்டாம்" என்று குடிகள் வேண்டிக்கொள்ளும் அளவுக்கு அவருடைய கருணை பெருகியிருந்தது.

அந்த வருஷம் தேன்மலைக் குடியிருப்பைக் காட்டுத்தீ தின்றுவிட்டது. ஜனங்கள் ஓடைக்குள் இறங்கி உயிர் தப்பினார்கள். ஒரு கூரைகூட மிஞ்சவில்லை. மிஞ்சியது, குகையில் பத்திரமாக வைத்திருந்த விதைத்தினை மட்டும்தான். அதற்குள் தளவாய் வீரபாகுவின் உத்தரவு வந்துவிட்டது: "மகாராஜா ஆறுதல் சொல்ல வருகிறார். பரிவாரம் முழுவதற்கும் விருந்து தயாராக இருக்கட்டும்."

ஊர்த்தலைவி காத்தாயி அரண்மனை விகடர் பொன்னரங்கரிடம் ஓடி வந்தாள்.

"சாமி, வெதையை ஆக்கிப் போட்டுட்டா அப்புறம் மண்ணையா வெதைப்போம்? புள்ளைங்க பட்டினியில செத்துப்போகும்!"

விகடர் மூக்குப்பொடியை ஒரு இழுப்பு இழுத்தார். "உங்கள் ஊரில் ஒப்பாரி நன்றாக வைப்பார்களா?"

"அதுல எங்களை அடிச்சுக்க ஆளே இல்ல சாமி!"

"அப்படியானால் கவலையை விடு."

ராஜா வந்து இறங்கியபோது, கரிந்துபோன மூன்று கற்களைச் சுற்றி உட்கார்ந்து பெண்கள் மாரடித்துக்கொண்டிருந்தார்கள்.

"பொங்கிப் பொங்கிப் போட்டியே, எங்க தாயே!
பொகையாப் போயிட்டியே, எங்க தாயே!"

ராஜாவுக்கும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "ஐயோ! இறந்தது யார்?"

"அடுப்பு, மகாராஜா" என்றார் விகடர், மூக்கைச் சிந்தியபடி.

"அடுப்பா?"

"தினம் சோறு போட்டவள் தாய் இல்லாமல் யார்? அது போகட்டும். தாங்கள் வேடிக்கை பார்க்க வந்தீர்களா, உறவாக வந்தீர்களா?"

"உறவாகத்தான்!" ராஜா நெஞ்சை நிமிர்த்தினார்.

தளவாய் குறுக்கிட்டார். "அழுகை இருக்கட்டும். விருந்து எங்கே?"

காத்தாயி கையை விரித்தாள். "எழவு வூட்டுல அடுப்பு எரியலாமா சாமி? காரியம் முடியுற மட்டும் சம்பந்திங்கதானே சோறு கொண்டாரணும்?"

"நியாயம்தான்" என்றார் ராஜா. சம்பிரதாயம் என்றால் அவருக்கு உயிர். "சம்பந்தி யார்?"

விகடர் அவரையே பார்த்தார். ஊரே அவரையே பார்த்தது. மறுநாள் அரண்மனை அரிசி மூட்டை மூட்டையாக மலையேறியது. ஒரு மணி தினைகூடக் குகையை விட்டு வெளியே வரவில்லை.

"கோடித்துணி?" என்றார் விகடர். அதுவும் வந்தது.

"பங்காளிகள் பந்தல் போட வேண்டுமே?" வாளைப் பிடித்த வீரர்கள் மூங்கிலைப் பிடித்தார்கள். வீட்டுக்கு வீடு அடுப்பு செத்திருந்ததால் வீட்டுக்கு வீடு பந்தல்.

"பந்தலுக்குச் சுவர் எதற்கு?" என்று ராஜா கேட்டார்.

"மலைக்குளிர், மகாராஜா. அழுகிறவர்களுக்குச் சளி பிடித்தால் சுருதி போய்விடும்."

"கதவு?"

"நாய் வரும்."

"நெல் குதிர்கூடவா?"

"அது இல்லாத பந்தலைப் பார்த்தாலே எனக்கு அழுகை வருகிறது!"

வேலை முடிந்தபோது அந்தப் பந்தல்கள் அச்சு அசல் வீடு மாதிரியே இருந்தன. ராஜாவுக்குச் சந்தேகம் வந்தது. ஆனால் பிள்ளைகள் உள்ளே ஓடிப் பிடித்து விளையாடுவதைப் பார்த்ததும் அதை விழுங்கிவிட்டார். முதல் தடவையாக ஆறுதல் சொல்லாமலே அவருக்கு மனசு நிறைந்திருந்தது.

"எல்லாம் முடிந்ததா?"

"கொள்ளி வைத்தவர் மொட்டை போட்டுக்கொண்டு காரியம் செய்ய வேண்டும், மகாராஜா. அது முடியும் மட்டும் அவர் ஊரை விட்டு நகரக் கூடாது. ஆனால் காட்டுக்கு நெருப்பு வைத்தது யார் என்றுதான்..."

விகடர் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். அவர் பார்வை பாதி தூரம்கூட வரவில்லை.

"என்னை ஏன் ஐயா பார்க்கிறீர்?" என்று தளவாய் கத்தினார். "நான் பன்றியைச் சுட்டுத் தின்றுவிட்டுக் கிளம்பும்போது நெருப்பு கொஞ்சம்தானே இருந்தது!"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாம்பலிலேயே உட்கார்ந்து சிரித்தார். கழுத்து முத்துமாலை விகடருக்குப் போயிற்று. தளவாயின் குடுமி நாவிதருக்குப் போயிற்று.

"இந்தக் காரியம் எப்போது முடியும்?" என்று மொட்டைத் தலையைத் தடவியபடி தளவாய் கேட்டார்.

காத்தாயி அவர் கையில் தண்ணீர்க் குடத்தைக் கொடுத்தாள்.

"எரிஞ்ச காடு தழைச்சதும் கெளம்பிரலாம் சாமி."