கருமருது வாய் திறக்காத பங்குனி

அந்தக் காலத்தில் மரங்களுக்குப் பேச்சு இருந்தது. இலைதான் அவற்றுக்கு நாக்கு, தண்டுதான் வாய். ஒரு மரத்துக்கு எத்தனை இலையோ அத்தனை நாக்கு என்றால், காட்டில் எவ்வளவு இரைச்சல் இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். மழையிலும் பேசின, வெயிலிலும் பேசின. வருஷம் முழுக்க ஓர் இலைகூட உதிராது. நாக்கை யார்தான் தாமாகக் கீழே போடுவார்கள்?

மாயாற்றுப் பள்ளத்துக்கு மேலே அப்படியொரு காட்டில் மாதி என்றொருத்தி இருந்தாள். கிழங்கு தோண்டிச் சாமை விதைக்கிற சனம் அவளுடையது. மரங்களை முறை வைத்துத்தான் கூப்பிடுவார்கள். தேக்கு பெரியப்பா, வேங்கை அண்ணன், கருமருது மாமா. சாமைக்கு இடம் வேண்டுமென்றால் அவர்கள் மரத்தை வெட்டிச் சாய்ப்பதில்லை. இடுப்பு உயரத்தில் சுற்றிலும் ஒரு சாண் அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்துவிட்டுப் போய்விடுவார்கள். மரம் நின்றபடியே காய்ந்து செத்துவிடும். அதற்கு முன் மரத்திடம் மூன்று முறை கேட்க வேண்டும். மாட்டேன் என்று மரம் சொன்னால் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு நகர வேண்டும். வாயே திறக்காவிட்டால் சம்மதம் என்று பொருள். அவர்கள் முறை அப்படி. நல்ல முறை என்றுதான் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

அந்த வருஷம் பங்குனியில் ஊற்று வற்றியது. அதற்கு முன் அது வற்றியதாக யாருக்கும் நினைவில்லை. சனமெல்லாம் ஆற்றுப் பக்கம் இறங்கிவிட்டது. பிள்ளை பெற்று இருபது நாள்கூட ஆகாத உடம்பு என்று மாதி மட்டும் குடிசையில் தங்கினாள். அவள் புருஷன் கெஞ்சன் தண்ணீர் எடுக்க மூங்கில் குழாய்களைத் தோளில் போட்டுக்கொண்டு, "நாளன்னிக்கு வெயிலுக்கு முன்னால வந்துருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். அந்த நாளும் போய் அதற்கு மறுநாளும் வந்துவிட்டது.

குழந்தைக்கு இன்னும் பேர் வைக்கவில்லை. ஊற்றுத் தண்ணீரை நாக்கில் தொட்டு வைத்துத்தான் அவர்கள் பேர் சொல்வார்கள். தண்ணீரே இல்லாதபோது பேருக்கு எங்கே போவது? பேர் கிடக்கட்டும், பால் வேண்டுமே. முந்தின நாள் சாயங்காலமே மாதியின் மார் வற்றிவிட்டது. காலையில் குழந்தை வீரிட்டு அழுதது. வெயில் ஏற ஏற அந்த அழுகை மெலிந்து முனகலாகிவிட்டது. மாதி பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு, ஒரு குழாயையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு ஊற்றுக்கு ஓடினாள்.

ஊற்றுக்குழியில் கை விட்டால் சூடு. சுற்றி நின்ற மரங்களோ பச்சைப் பசேலென்று இருந்தன. அவள் நின்று யோசித்திருந்தால் அப்போதே விளங்கியிருக்கும். பிள்ளை முனகும்போது யாருக்கு யோசனை வரும்?

"பெரியப்பா, ஊத்துத் தண்ணி எங்க போச்சு?" என்று தேக்கைக் கேட்டாள்.

தேக்கு முறம் முறமாக இருந்த இலைகளை ஆட்டிக்கொண்டது. "என்னைக் கேட்டா எனக்கென்ன தெரியும் அம்மணி? அதோ நிக்கிறானே கருமருது, அவன் வயித்தைப் பாரு. பஞ்சத்துல எவனுக்காவது வயிறு புடைக்குமா?"

கருமருதின் தண்டில் ஒரு பக்கம் குடம் போலப் புடைத்துத்தான் இருந்தது. அந்த நாளில் அதன் பட்டை வழவழவென்று இருக்கும். அதனால் புடைப்பு எடுப்பாகவே தெரிந்தது.

"பேர் சொல்லிப் பகையைத் தேடிக்க வேண்டாம்னு பார்த்தேன்" என்றது வேங்கை. "ஐப்பசி மழையில அவன் குடிச்ச குடி எனக்குத் தெரியும். அன்னிலேருந்து வாயைத் திறக்கிறானா பாரு. ஊமை ஊரைக் கெடுக்கும்னு சும்மாவா சொன்னாங்க?"

கிளையில் மரங்கொத்தி உட்கார்ந்திருந்தது. மாதி அதைப் பார்த்தாள். அது பொய் சொல்லாத பறவை.

"நான் தட்டிப் பார்த்தேன்" என்றது மரங்கொத்தி. "உள்ள தண்ணி தளும்புது. அது மட்டும் நிசம்."

அது நிசம்தான். நிசத்தை வைத்துக்கொண்டும் தப்பு செய்யலாம் என்பது மாதிக்கு அப்போது தெரியவில்லை. அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. குழந்தையைத் துணியோடு இறக்கி, நிழலாக இருந்த இடத்தில் கிடத்தினாள். அது கருமருதின் நிழல் என்பதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

"மாமா, ஊத்துத் தண்ணியை நீதான் குடிச்சியா?"

கருமருது பேசவில்லை.

"மாமா, எம்புள்ள சாகக் கிடக்குது. ரெண்டாந்தரம் கேக்கறேன். நீயா?"

ஓர் இலைகூட அசையவில்லை. தண்டு மட்டும் லேசாக நடுங்கியது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"மூணாந்தரம் மாமா. இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. கத்தியைத் தூரப் போட்டுடறேன்."

காடே கேட்டுக்கொண்டிருந்தது. கருமருது வாயைத் திறக்கவில்லை.

திருடிய மரத்தைச் சாகடித்துவிட்டுத்தான் தண்ணீரை எடுப்பது என்று மாதி கத்தியை ஓங்கினாள். வடக்குப் பக்கம் தொடங்கி மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு, நடுவில் நெம்பி உரித்தாள். பட்டை நார் நாராக வந்தது. இரண்டு பக்கம் முடிந்தது. நெம்புகிற ஒவ்வொரு முறையும் திரும்பிக் குழந்தையைப் பார்த்தாள். வாய் திறந்து திறந்து மூடியது, சத்தம் வரவில்லை. அவள் இன்னும் வேகமாக வெட்டினாள். மூன்றாம் பக்கமும் முடிந்தது. இன்னும் நான்கு விரல் அகலம் உரித்தால் வளையம் கூடிவிடும். அந்த இடத்தில்தான் புடைப்பு இருந்தது. ஓங்கி ஒரே போடாகப் போட்டாள்.

தண்ணீர் பீச்சியடித்தது. முகத்தில், கழுத்தில், மாரில் எல்லாம் சில்லென்று அடித்தது. மாதி கத்தியைப் போட்டுவிட்டுக் குழாயைப் பிடித்தாள். குழாய் நிறைந்தது. மிச்சம் சரளை மண்ணில் விழுந்த வேகத்தில் உள்ளே போயிற்று. எதைக் கொண்டு அடைப்பது என்று அவள் சுற்றுமுற்றும் பார்ப்பதற்குள் ஒழுக்கு நூலாகி, சொட்டாகி, நின்றுவிட்டது.

அப்போது கருமருது பேசியது. ஆறு மாதமாகப் பேசாத குரல், கரகரவென்று இருந்தது.

"முதல்ல நீ குடி புள்ள. குழந்தைக்கு உன் பாலுதான் வேணும்."

மாதி குடித்தாள். துவர்த்தது. அது ஊற்றுத் தண்ணீரே இல்லை. ஊற்றின் ருசி அவளுக்குத் தெரியாதா? இது மழைத் தண்ணீர், மரத்துக்குள் பழசான மழைத் தண்ணீர்.

"இது ஊத்துத் தண்ணி இல்லையே மாமா!"

"ஐப்பசியில பெஞ்சது. பங்குனிக்கு யாராவது நாக்கு வறண்டு வருவாங்கன்னு வாய்க்குள்ள வெச்சிருந்தேன்."

"கேட்டேனே! மூணு தரம் கேட்டேனே! இல்லைன்னு சொல்லியிருக்கக் கூடாதா?"

"வாயைத் திறந்தா சிந்திப் போயிடுமே" என்றது கருமருது. "கொஞ்சம் கொஞ்சமா உனக்கு எப்படிக் கொடுக்கறதுன்னு யோசிச்சிட்டு இருந்தேன். அதுக்குள்ள வெட்டிட்ட."

மாதிக்கு அழக்கூடத் தெம்பில்லை. உரித்த இடத்தைப் பார்த்தாள். உச்சி வெயில் இலை இடுக்கு வழியாக அதில் விழுந்து, கண்ணெதிரே ஈரம் காய்ந்துகொண்டிருந்தது. மரத்தைச் சாகடிக்கத் தெரிந்த கைக்கு அது எப்படிச் சாகும் என்பதும் தெரியும். பொழுது சாய்வதற்குள் மூடாவிட்டால் கருமருது பிழைக்காது. புடைப்பின் ஓரத்தில் அந்த நான்கு விரல் பட்டை மட்டும்தான் ஒட்டிக்கொண்டிருந்தது. உயிரும் அதில்தான் ஒட்டிக்கொண்டிருந்தது.

புற்றுமண் பக்கத்திலேயே இருந்தது. ஆனால் அதைக் குழைக்கத் தண்ணீர் வேண்டும். இருப்பது ஒரு குழாய்த் தண்ணீர். கெஞ்சன் இன்று வருவானா, நாளை வருவானா, வருவானா என்பதே தெரியாது.

"எனக்கு வேண்டாம்" என்றது கருமருது, அவள் கை போகிற இடத்தைப் பார்த்துவிட்டு. "எடுத்துட்டுப் போ. நான் வெச்சிருந்ததே அதுக்குத்தான்."

மாதி குழந்தையைப் பார்த்தாள். மரத்தைப் பார்த்தாள். குழாயைத் தூக்கி நான்கு வாய் குடித்தாள், எண்ணி நான்கே வாய். பிறகு மிச்சத்தை அப்படியே புற்றுமண்ணில் கவிழ்த்தாள். கவிழ்க்கும்போது அவள் வாய் எதையோ திட்டிக்கொண்டே இருந்தது. தன்னைத்தான் திட்டினாள். மண்ணைப் பிசைந்து, உரித்த இடம் முழுக்க அப்பினாள். அப்பிய மண் போதவில்லை என்று மேலும் கீழும் தடவி, தண்டு முழுக்கப் பூசிவிட்டாள். கடைசி உருண்டையைப் புடைப்பின் ஓட்டையில் வைத்து அடைத்தாள். கருமருதின் வாய் மறுபடி மூடிக்கொண்டது.

பிறகு தேக்கின் பக்கம் திரும்பினாள். குரல் உயரவில்லை. "அப்ப ஊத்தை யார் குடிச்சது பெரியப்பா?"

பதில் அவள் காலடியிலேயே இருந்தது. ஊற்றுக்குழியின் ஓரத்தில் மண் சரிந்து, உள்ளே வேர்கள் தெரிந்தன. தேக்கின் வேர், வேங்கையின் வேர், இன்னும் பேர் தெரிந்த அத்தனை மரத்தின் வேரும் குழிக்குள் தலை நீட்டியிருந்தன. அத்தனை நாக்கையும் கோடையில் ஈரமாக வைத்திருப்பதற்குத்தான் அவ்வளவு தண்ணீரும் போயிருக்கிறது.

"நாங்கதான்" என்றது தேக்கு. அதுதான் அது கடைசியாகப் பேசியது. சொன்ன இலை அப்போதே காம்போடு கழன்று விழுந்தது. பொய் சொன்ன இலைகளும் பின்னாலேயே விழுந்தன. இன்றும் தேக்கின் தளிரைக் கசக்கினால் கை சிவக்கும். அது அன்றைய வெட்கம். வேங்கை உதிர்த்தது. பக்கத்தில் நின்ற வெக்காலி மரம் உதிர்த்தது. பொய்யைக் கேட்டும் சும்மா நின்ற மரங்களும் உதிர்த்தன. சளசளவென்று ஓயாமல் விழுந்தன. சாயங்காலத்துக்குள் காடு மொட்டையாகிவிட்டது. கருமருதின் இலை மட்டும் அப்படியே இருந்தது. அதன் நாக்கு யாரையும் பழி சொல்லவில்லையே.

மாதி அந்த ஒரே நிழலில் உட்கார்ந்து குழந்தையை மாரில் போட்டுக்கொண்டாள். முதலில் ஒன்றும் வரவில்லை. குழந்தை சப்பிப் பார்த்துச் சோர்ந்து, மறுபடி சப்பியது. பொழுது இறங்கும்போது மாரில் சுருக்கென்று வலித்தது. குழந்தை ஒரு முறை விழுங்கியது. அந்தச் சத்தம் கேட்டபிறகுதான் அவள் அழுதாள்.

கெஞ்சன் அந்தியில் மேடேறி வந்தவன் மொட்டைக் காட்டைப் பார்த்ததும், காட்டுத்தீ போய்விட்டது என்று நினைத்துத் தண்ணீர்க் குழாய்களை மேட்டிலேயே இறக்கிவிட்டு அலறிக்கொண்டு ஓடிவந்தான். கரியைக் காணோம். முழங்கால் வரை சருகுதான் கிடந்தது. மரங்கள் குடிப்பதை நிறுத்தியதால் மூன்றாம் நாள் ஊற்றுக்குழியில் ஈரம் கண்டது, ஐந்தாம் நாள் ஓர் உள்ளங்கைத் தண்ணீர் நின்றது. அதைத் தொட்டுக் குழந்தையின் நாக்கில் வைத்து மருதி என்று பேர் சொன்னார்கள். கருமருதின் மேல் பூசிய சேறு வெயிலில் காய்ந்து கட்டம் கட்டமாக வெடித்தது. அடியில் புதுப்பட்டையும் அதே வெடிப்போடு வளர்ந்து, முதலைத் தோல் மாதிரி ஆகிவிட்டது.

மழைக்குப் பிறகு எல்லா மரமும் துளிர்த்தது. இலை வந்தது, பேச்சு வரவில்லை. கருமருதும் வாய்க்குள் மழைத் தண்ணீரை வைத்துக்கொண்டு பேசாமலே நின்றது.

அன்று முதல்தான் அந்தக் காடு வெயில் முற்றும்போது தன் நாக்கையெல்லாம் மண்ணில் போட்டுவிட்டு நிற்கிறது. எல்லாம் உதிர்ந்த பிறகே கருமருதும் ஊற்றுக்காக உதிர்க்கிறது. தாகத்தில் அதன் புடைப்பைக் கொத்துகிற சனம், தன் பங்குத் தண்ணீரில் மண் குழைத்து ஓட்டையை அடைக்காமல் நகர்வதில்லை. கத்தி எடுத்துப் போகிறவர்கள் இப்போதும் மரத்திடம் மூன்று முறை கேட்கிறார்கள். மரம் வாய் திறந்து சரி என்று சொன்னால்தான் வெட்டலாம் என்று முறையை மாற்றிவிட்டார்கள். மூன்றாம் முறையும் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் நிற்பார்கள். பிறகு கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள்.