ஏழாவது மாடிக் கவிதை

தாழைநாட்டை ஆண்ட கார்முகில் ராஜாவுக்கு ஒரு வியாதி இருந்தது. கவிதை எழுதுவார். எழுதினால்கூடப் பரவாயில்லை, படித்தும் காட்டுவார். சபையில் மற்றவர்கள் கொட்டாவியை விழுங்கிக்கொண்டிருக்க, அரண்மனை விகடகவி மிளகனார் மட்டும் வரிக்கு வரி "ஆஹா!" போடுவார். ஆள் குள்ளம், நாக்கு காரம்.

ஒருநாள் ராஜாவுக்குப் புது ஆசை பிறந்தது. அரண்மனை வாசலில் இருந்த நாலு மாடிக் கோபுரத்தின் மேல் இன்னும் மூன்று மாடி எழுப்ப வேண்டும். ஏழாவது மாடியில் நின்று பிறந்தநாள் கவிதை படிக்க வேண்டும். ஊரே கேட்க வேண்டும்!

கட்டடப் பாடசாலை ஆசான் வல்லபர் நெளிந்து குழைந்தார். "அதற்கென்ன ராஜா! இந்த வருஷம் படிப்பை முடிக்கிற முப்பது பேரும் 'தாங்கும்' என்று ஓலையில் கையெழுத்துப் போடட்டும். அதுதான் கடைசிப் பரீட்சை!"

இருபத்தொன்பது பேர் கண்ணை மூடிக்கொண்டு போட்டார்கள். செங்கோதை என்ற பெண் மட்டும் எழுத்தாணியைக் கீழே வைத்தாள்.

"அஸ்திவாரம் நாலு மாடிக்குத்தான் போட்டிருக்கிறது, ராஜா. அளந்து பார்த்தேன். மேலே ஏற்றினால் விழும். கீழே பூக்கடைத் தெரு இருக்கிறது."

"ஆசானுக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமோ?" என்று சீறினார் வல்லபர்.

ராஜாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "நாளைக் காலைக்குள் கையெழுத்துப் போடு. இல்லையென்றால் பட்டமும் கிடையாது, இந்த ஊரும் கிடையாது!"

மிளகனாருக்குப் பூக்கடைத் தெரு கண்முன் வந்தது. தினமும் அவர் மனைவிக்கு மல்லிகை வாங்குவது அந்தத் தெருவில்தான். அந்தப் பெண்ணை நினைத்தாலோ மனசு கேட்கவில்லை. ஆனால் ராஜாவிடம் ஒரு தரம் வேண்டாம் என்றால், பத்துத் தரம் வேண்டும் என்பார்.

"ராஜா!" என்று துள்ளி எழுந்தார். "கையெழுத்துப் போட்ட மேதைகளுக்கு ஒரு மரியாதை வேண்டாமா? நாளைக்கே கோபுரத்தின் கீழ்மாடியில் பால் காய்ச்சிக் குடும்பத்தோடு குடியேறட்டும். மேலே வேலை முடிந்து, தாங்கள் கவிதை படித்து இறங்கும்வரை அங்கேயே இருக்கட்டும். நட்டநடு அறை நம் ஆசானுக்கு!"

"பிரமாதம்!" என்றார் ராஜா.

மறுநாள் பால் பொங்கியது. அடங்கியது. மறுபடி பொங்கியது. குடியேறத்தான் ஒருவரும் இல்லை. கடைசியில் சேவகர்கள் போய் ஒவ்வொருவராக இழுத்து வந்தார்கள்.

"எனக்குப் பால் ஒத்துக்காதுங்க!"

"மோர் தருகிறோம்" என்றார் மிளகனார்.

"என் மாமியாருக்குப் படி ஏறினா மூச்சு வாங்கும்!"

"கீழ்மாடிக்கு ஏதப்பா படி?"

"ஐயா, தாங்கும்னுதான் எழுதினேன். எவ்வளவு நேரம்னு எழுதலையே!"

வல்லபரைக் காணோம். விடியற்காலையிலேயே மூட்டை முடிச்சோடு காசிக்குக் கிளம்பிவிட்டாராம்!

ராஜாவின் முகம் வெளுத்தது. "மிளகனாரே, அப்படியென்றால் உச்சியில் நிற்கவிருந்த நான்?"

"முதல் வரி மேலே, ராஜா. இரண்டாம் வரி கீழே!"

ஊரை விட்டுப் போக மூட்டை கட்டிக்கொண்டு விடைபெற வந்தாள் செங்கோதை. ராஜாவே எழுந்துபோய் அந்த மூட்டையை வாங்கி வைத்தார். அவளுக்குப் பட்டத்தோடு பாடசாலையையும் கொடுத்தார். இருபத்தொன்பது பேரும் இன்னொரு வருஷம் படிக்க வேண்டும். "இனிமேல் கடைசிப் பரீட்சைக்கு நானே வருவேன். கட்டக் கூடாத ஒன்றைக் கட்டச் சொல்வேன். 'ஆகட்டும்' என்கிறவன் தோற்றான்!"

சொன்னவர் சட்டென்று திரும்பினார். "மிளகனாரே, பத்து வருஷமாக என் கவிதைக்கு ஆஹா போடுகிறீரே. அதுவும் இவர்கள் போட்ட கையெழுத்து மாதிரிதானோ?"

மிளகனார் கைகட்டி நின்றார்.

"கவிதை இடிந்து விழுந்தால் கீழே இருப்பவனுக்கு அடிபடாது, ராஜா!"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பு, ஒரு மாடிகூட ஏறாமலே, பூக்கடைத் தெருவின் கடைசிக் கடைவரை கேட்டதாம்!