மூன்றாவது சுற்று

அடிமைகளின் முதுகில் பருத்தி விளைந்த காலம். கரோலினா கடலோரத் தோட்டமொன்றில், சவுக்கடியில் செத்துப்போன கூஃபியைப் புதைத்தார்கள். புதைகுழியை மூன்று முறை பாடிச் சுற்றினால்தான் போனவன் வீடு சேருவான் என்பது அந்த மக்களின் வழக்கம். இரண்டு சுற்றுதான் முடிந்திருந்தது; அதற்குள் கங்காணி ஓடிப்போய்க் கோள் சொல்லிவிட்டான்.

தோட்ட முதலாளி பிரிட்சர்ட் துரை, ஆட்டம் பாவம் என்கிற போதகரோடும் சவுக்கோடும் வந்தார். "ஆடக் கூடாது என்றேனே! ஆளுக்கு இருபது அடி."

கூஃபியின் மனைவி ஹெஸ்டர் முன்னால் வந்தாள். "போதகரய்யா, எது ஆட்டம்?"

"காலைத் தூக்கி வைத்தால் ஆட்டம்."

"அப்படியென்றால் மணலைப் பாருங்கள். காலைத் தூக்க எங்களுக்குத் தெம்பு ஏது?"

போதகர் குனிந்து பார்த்தார். உழுத சால் போல வட்டமாக ஒரே தடம். தூக்கி வைத்த சுவடு ஒன்றுகூட இல்லை.

"இது ஆட்டமில்லை" என்று முனகினார்.

துரைக்கு முகம் தொங்கிப்போனது. "இந்தத் தடம் என் கண்ணில் படக் கூடாது. காலாலேயே தேய்த்து அழியுங்கள், இப்போதே!"

"உத்தரவு, துரை."

எல்லோரும் வட்டத்தில் இறங்கி, பாதத்தைத் தூக்காமல் தேய்த்துக்கொண்டே நகர்ந்தார்கள். ஹெஸ்டர் பாட்டை எடுத்தாள். துரை சவுக்கோடு காவல் நிற்க, கூஃபிக்கு மூன்றாவது சுற்றும் முடிந்தது.