தகரம் நான் கொண்டு வரேன்

உளவியல் பேராசிரியர் ஞானசிகாமணி ஒரு பழைய பரிசோதனையைப் பற்றி வருடாவருடம் பெருமையாகப் பாடம் எடுப்பார். கைக்குழந்தை ஒன்று வெள்ளைப் பூனைக்குட்டியைத் தொடும்போதெல்லாம் பின்னாலிருந்து தகரத்தைத் தட்டினார்களாம். கடைசியில் வெள்ளைத் துண்டைக் கண்டாலே குழந்தை வீறிட்டதாம்.

"பயத்தைப் பழக்கலாம்னு நிரூபிச்ச மேதைகள்!" என்றார்.

கடைசி பெஞ்சிலிருந்து மாணவி பொற்செல்வி எழுந்தாள். "அது தப்பில்லையா சார்?"

"தப்புன்னு நிரூபி. இல்லேன்னா இன்டர்னல் மார்க் பூஜ்யம்."

"சரி, தப்பே இல்லை சார். நாமளும் செஞ்சு பார்ப்போம். நாளைக்கு உங்க பேரனைக் கூட்டிட்டு வாங்க. தகரம் நான் கொண்டு வரேன்."

"என்ன திமிர்! அந்தக் குழந்தை கேட்க நாதியில்லாத அனாதை. இவன் என் பேரன்!"



பொற்செல்வி பேனாவைத் திறந்தாள். "இதைத்தான் சார் புத்தகத்துல விட்டுட்டாங்க."