கேமராவில் விழாத முடி

சத்தியம், சத்தியம், கற்பூரம் அணைச்சு சத்தியம்! இதுல ஒரு எழுத்து பொய்யின்னாலும் என் மீசை பாதி உதிர்ந்து போகட்டும். நீ 'ம்' மட்டும் கொட்டு, கண்ணு.

ஒரு ஊர்ல ஒரு மலை. மலை உச்சியில ஒரு பெரிய தொலைநோக்கி. அங்கே மரகதவல்லின்னு ஒரு விஞ்ஞானி. கேலக்ஸிங்க கொத்துக் கொத்தா கூடி நிக்கிற இடத்தைத் தேடுறதுதான் அவங்க வேலை. அந்தக் கொத்து இருக்கே, அம்மாடி, என்னா கனம்! பின்னாலிருந்து வர்ற வெளிச்சத்தையே வளைச்சுடும். தண்ணி ஊத்துன கண்ணாடி டம்ளர் வழியா விரலைப் பாத்தா கோணலா நீளுமே, அப்படித்தான். பின்னால இருக்கிற கேலக்ஸி வில்லா வளைஞ்சு தெரியும். அந்த வில்லைத்தான் பதினோரு வருஷமா தேடினாங்க. ம்?

ஒரு நாள் காலையில படத்தைத் திறந்தா, ஒரு கொத்துக்குப் பக்கத்துல மெல்லிசா ஒரு வளைஞ்ச கோடு. கேமராவுல முடி விழுந்திருக்குன்னு நினைச்சு, படத்தைத் தாள்ல அச்செடுத்து, சிவப்பு மையில 'முடி'ன்னு எழுதிட்டாங்க.

கேமராவைத் துடைக்கிறவர் செங்கோடன். தலை நிறைய சுருட்டை முடி. நடக்க முடியாம இருந்த மக நடந்தா பழனியில முடி இறக்குறேன்னு நேர்ந்துக்கிட்டு வளர்த்தது. மக நடந்துட்டா. தைப்பூசத்துக்கு ஒன்பதே நாள் பாக்கி.

"செங்கோடன், கேமராவுக்குள்ளயா தலை சீவுறீங்க?"ன்னு சாப்பாட்டு மேஜையில எல்லார் முன்னாலயும் கேட்டாங்க. கொல்லுன்னு சிரிப்பு.

அப்புறம் அவர் தலையில துண்டு கட்டிக்கிட்டு, புஸ்ஸு புஸ்ஸுன்னு காத்தடிச்சுத் துடைச்சார். மறுநாளும் கோடு. ரப்பர் தொப்பி மாட்டித் துடைச்சார். அப்பவும் கோடு. "இன்னொரு தடவை வந்தா வேற ஆளை வச்சுக்கறேன்"ன்னுட்டாங்க. அப்போ மனுஷன் மலையடிவார சலூனுக்குப் போனார். கரக், கரக். மொட்டை.

மறுநாள் படத்துல, அதே கோடு.

"மேடம், இப்ப என்கிட்ட முடியே இல்ல. தொலைநோக்கியைக் கொஞ்சம் திருப்பி ஒரு படம் எடுத்துட்டுத் திட்டுங்க. கேமராவுல ஒட்டுன முடின்னா அதே மூலையிலதானே நிக்கும்?"

முதல் நாளே அவங்க பாத்திருக்க வேண்டியது அது. எடுத்தாங்க. கொத்து நகர்ந்தது. கோடும் கூடவே நகர்ந்தது. ரெண்டுமே வானத்துல இருக்கு. பதினோரு வருஷமா தேடுன வில்லு! சந்தோஷம் வரல. காது மடல் சுட்டது.

"அந்த முடி எங்கே?"ன்னு தரையைப் பாத்துக் கேட்டாங்க.

"சலூன்காரர் பெருக்கிட்டார் மேடம்."

"முருகனுக்கு என்ன சொல்வீங்க?"

"அதான் யோசிக்கிறேன்."

தைப்பூசத்தன்னைக்குப் பழனியில செங்கோடன் பக்கத்துல தலையைக் குனிஞ்சு உட்கார்ந்தது மரகதவல்லி. கரக், கரக். இடுப்பு வரைக்கும் இருந்த பின்னல் இறங்குச்சு.

அப்புறம் விஞ்ஞானிங்க கூடுன சபையில படத்தைக் காட்டுனாங்க. "மொட்டை எதுக்கு?"ன்னு ஒருத்தர் கேட்டார். "முடி விழுந்துச்சுன்னு ஒருத்தரைத் திட்டினேன். விழல"ன்னு சொல்லி, சிவப்பு மை தாளையும் தூக்கிக் காட்டுனாங்க. கொல்லுன்னு அதே சிரிப்பு. சிரிக்காதவர் கூட வந்திருந்த செங்கோடன் ஒருத்தர்தான்.

பின்னல் வளர்ந்துடுச்சு, அந்த வில்லுக்குப் பேரு மட்டும் இன்னும் 'முடி'. கதையும் முடி, கண்ணையும் மூடு. என் மீசையை இழுத்துப் பாக்காதே. அப்புறம், யார் சொன்னதுன்னு யாராவது கேட்டா, நீ தூங்கிட்டேன்னு சொல்லிடு.