தாழ்மைக்கு ஒரு பளிங்குக்கல்

தேவாலயக் கமிட்டித் தலைவர் ஞானாபரணம், "தாழ்மையில் ஈடில்லாத ஞானாபரணம்" என்று பளிங்குக்கல்லில் தாமே வெட்டிக்கொண்டு வந்து, மணியடிக்கும் வேதக்கண்ணிடம் கொடுத்தார்.

"கோயிலுக்கு வாற அத்தனை பேரும் இதுக்கு முன்னால குனியணும், வே. பிஷப்பும்தான்! இல்லைன்னா உமக்கு வேலை கிடையாது."

வேதக்கண் யோசித்து, ஓர் இடம் பார்த்துக் கல்லைப் பதித்தார். ஞாயிற்றுக்கிழமை, வாரை அவிழ்க்கச் சிலரும் பேரைப் படிக்கச் சிலருமாக எல்லாரும் குனிந்தார்கள். பிஷப்பும் குனிந்தார். கல் பதிந்திருந்தது, வாசலில் செருப்பு கழற்றுகிற இடத்தில்!

பதறி ஓடிவந்த ஞானாபரணம், தம் பேர்மேல் கிடந்த ஊரார் செருப்பையெல்லாம் குனிந்து குனிந்து எடுத்து ஓரமாக வைத்தார்.

"ஐயா, கல்லுல உள்ளது இப்பதான் உண்மையாச்சு" என்றார் வேதக்கண்.

பிஷப் சிரித்துவிட்டார். வேறு வழியில்லாமல் ஞானாபரணமும் சிரித்தார். வேலை தப்பிய நிம்மதியில் வேதக்கண் அன்று மணியைக் கொஞ்சம் கூடுதலாகவே அடித்தார்.